மீதி லீவு

மெஷின்காரர் வேலையை விட்ட பிறகும் தினமும் சரியான நேரத்துக்கு அச்சகத்துக்கு வந்துகொண்டிருந்தார். கேட்டால், கணக்கு முடிக்க வந்தேன் என்பார். கணக்கு எழுதுகிற என் மேஜைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்காருவார். பிறகு சும்மா இருப்பானேன் என்று கீழே இறங்கி மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்.

சண்டை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு காலண்டரில் மை இழுகிவிட்டது. வாடிக்கையாளர் முன்னாலேயே முதலாளியம்மா, "கண்ணு தெரியலைன்னா வீட்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். இவர் கையைத் துடைத்துக்கொண்டு அப்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்தார். ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

எங்கள் அச்சகத்தில், விட்டுப் போகிறவர் எடுக்காத லீவுக்கும் சேர்த்துத்தான் கடைசிச் சம்பளம். எத்தனை நாள் மீதி என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. வழக்கமாகத் தொழிலாளி கூடக் கேட்பார், முதலாளி குறைப்பார். இங்கே தலைகீழ். மச்சான் வீட்டுக்குப் போன நாளையெல்லாம் லீவில் கழித்துவிடு, யார் காசும் எனக்குச் சும்மா வேண்டாம் என்கிறார் இவர். அதெல்லாம் ஆபீஸ் வேலையாகப் போனது என்று எழுது, நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது என்கிறார் மாடியிலிருக்கும் முதலாளியம்மா. நடுவில் என் செருப்புதான் தேய்ந்தது. இதற்கிடையில் மெஷின் ஓட்டின நாட்களுக்கும் லீவு சேர்ந்துகொண்டே வந்தது. முடிக்க வந்த மனிதர் கணக்கை வளர்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்குள் முடித்தாக வேண்டும், புது ஆள் பார்த்தாகிவிட்டது என்று ஒரு நாள் வந்து சொன்னார் எங்கள் ஆடிட்டர். இருவரையும் என் மேஜையில் உட்கார வைத்தேன். நான் சொன்ன நடுவாந்தரமான எண்ணுக்கு, வேறு வழியில்லாமல் இருவரும் தலையாட்டினார்கள். "அப்ப சரி" என்றார் மெஷின்காரர். அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது, கூடவே எரிச்சலும். 'இருங்க' என்று ஒருவர் சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

சுத்தமாக எழுதித் தருகிறேன் என்று சொல்லி, கூட்டலை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு நீட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். மெஷின்காரர் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து ஒரு பார்வை பார்த்தார்.

"கூட்டல் தப்பு தங்கச்சி."

அம்மா தேடுவதை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவருக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது."

மெஷின்காரர் தாளை மேஜையில் வைத்தார். "முதல்லேர்ந்து போடணும். நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு, வாசல் பக்கம் போகாமல் படியிறங்கினார்.

கீழே மெஷின் ஓடத் தொடங்கியது. என் மேஜை அதிர்ந்ததில், கையெழுத்துக்காக வைத்திருந்த பேனா மெல்ல உருண்டு விளிம்புக்கு வந்து தரையில் விழுந்தது. நானும் குனியவில்லை, அம்மாவும் குனியவில்லை.