கடைசி வரி இல்லாத அறிவிப்பு

சாப்பிட்ட மயக்கத்தில் கண் சொக்கிக்கொண்டு வந்தபோது, தெருமுனையில் நின்ற அறிவிப்பு வண்டியிலிருந்து அவளுடைய குரலே அவளைத் தேடி வந்தது. அறிவிப்புகளுக்குக் குரல் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. ஆனாலும் அரைத்தூக்கத்தில் கேட்டால், தன்னைவிடக் கெட்டிக்காரி ஒருத்தி மேகத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுவதுபோல இருக்கும். ‘பூனைக் கழிவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி மனிதருக்குப் பரவலாம். கர்ப்பிணிகளே, வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆபத்து.’ ஜன்னல் திரை உப்பி அடங்கியது. நல்ல குரல்தான் என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். குரல் மறுபடி பூனைக் கழிவிலிருந்து தொடங்கியது. தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. கடைசி வரி எங்கே?

“அரை நிமிஷத்துக்கு மேல போச்சும்மா, வாலை நறுக்கிட்டேன்,” என்றார் ஒலிப்பதிவுக்காரர், அவள் போன் போட்டுக் கேட்டதற்கு. “விஷயம்தான் வந்துடுச்சே.”

செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள். கீழ்வீட்டுத் தையல்காரர் ஸ்கூட்டரில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். பைக்குள் ஏதோ புரண்டது. வாசலில் நின்ற அவர் மனைவிக்கு ஐந்தாம் மாதம். அழுதழுது மூக்கு சிவந்திருந்தது. கல்யாணமாகி இங்கே வந்தபின் அந்தப் பெண் வாய் ஓயாமல் பேசியதெல்லாம் பைக்குள் இருந்த பூனையிடம்தான்.

“எங்க தம்பி கிளம்பிட்டீங்க?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துடறேன்க்கா. நீங்களே ஆபத்துன்னு சொல்றப்ப வேற என்ன பண்ண?”

“நான் சொன்னதுல பாதியைத்தான் கேட்டிருக்கீங்க.” மூச்சிரைக்க மீதியைச் சொன்னாள். “பூனையைத் துரத்த வேண்டாம். கழிவைக் கர்ப்பிணி தொடாமல், வேறொருவர் தினமும் அள்ளிவிட்டுச் சோப்புப் போட்டுக் கைகழுவட்டும். சந்தேகமிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.”

மைக் இல்லாத அவள் குரல் கீச்சென்று இருந்தது. தையல்காரர் சந்தேகமாகப் பார்த்தார்.

“வண்டியில அப்படி வரலையே அக்கா?”

தன் வாயால் ஒரு உயிர் தெருவுக்குப் போகிறதே என்று அவள் பதறினாள். அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வண்டி அவர்கள் தெருவுக்குள்ளேயே திரும்பியது. சாந்தமான, திருத்தமான குரல் சுவரெல்லாம் மோதி, ஆபத்து, ஆபத்து என்றது.

“அக்கா, அந்த மீதியை இன்னொரு தரம் சொல்லுங்க,” என்றாள் மனைவி, கணவனையே பார்த்தபடி.

தன் குரலுக்கு மேல் குரல் எழுப்பிக் கத்தினாள் அவள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தையல்காரர் சாவியைத் திருகாமல், பூனைக் கழிவை அள்ள வேண்டிய தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பையின் தையல் விட்ட இடத்தில் ஒரு நகம் மெல்ல வெளியே வந்தது.