ஜப்பான்காரியின் ஓட்டம்

சந்துக் குழாயில் தண்ணீர் வந்தது. மன்சூர் அலி குடங்களை வரிசையில் வைத்தான், நிறைந்ததும் தூக்கி வந்தான். வாசலில் கிடந்த இங்கிலீஷ் பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். டீ போட ஸ்டவ்வைப் பற்ற வைத்தான். மறுபடி குழாய்க்குக் கிளம்பினான். இன்று கூடுதல் தண்ணீர் வேண்டும். ஆபிதாவைக் குளிப்பாட்ட வேண்டும்.

"மையித்து கெடக்க வீட்டுல அடுப்பு பத்த வைக்கப்படாது மாப்ளே."

மாமியார் மதீனா பீவி ஸ்டவ்வை அணைத்தாள். கல்யாணிலிருந்து முதல் ரயிலில் வந்திருந்தாள். மகளின் கடைசி நேரத்தில் அவள் பக்கத்தில் இல்லை.

"கடைசியா எம்புள்ள கலிமா சொன்னாளா?"

உயிர் பிரியும்போது நாவில் இருக்க வேண்டிய வசனம் அது. அவன் குடத்தைப் பார்த்தான்.

"சொன்னா மாமி."

"ஒங்க காதுல கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அல்ஹம்துலில்லாஹ். ஓதக் கூப்பிட்டா ஓடிப்போயிருவா கழுத. கடைசில சொல்லிட்டா, பாத்தியளா!" மாமி சிரித்தாள், பிறகு அழுதாள்.

ஆபிதாவுக்கு இதய வால்வில் கோளாறு. பரணுக்கு ஏணி ஏறுவதற்குள் நடுவில் நின்று மூச்சு வாங்குவாள். பக்கத்து வீட்டு டி.வி.யில் ஒருநாள் அந்த ஜப்பான்காரியைப் பார்த்தாள். சின்ன உடம்பு, வெள்ளைக் கையுறை. மாரத்தானில் ஜெயித்துவிட்டு, கடைக்குப் போய் வந்தவள் போல நின்றாள். அன்றிலிருந்து, குர்லா பட்டறை ஆபீஸ் முடிந்து வந்ததும் மன்சூர் அவளைப் பற்றிப் பேப்பரில் படித்ததைச் சொல்ல வேண்டும். ஜெயித்த ஊர்கள், சோப்பு விளம்பரத்தில் வந்த முகம், முழங்கால் போனது, எல்லோரும் மறந்தது. செய்தி இல்லாத நாட்களில் அவனே ஒரு ஊரை உண்டாக்கி அதில் அவளை ஓடவிடுவான். மழை, நீளமான பாலம், ஓரமெல்லாம் குடைகள். கேட்கக் கேட்க ஆபிதாவின் மூச்சு சீராகும்.

நேற்று அந்தப் பெண் மீண்டும் ஓடினாள். டி.வி.யின் மாலைச் செய்தியில் பனிக்குள் அவள் ஓடிக்கொண்டிருந்தபோதே ஆபிதா சுவரில் சாய்ந்தாள். டாக்சி ஆஸ்பத்திரியை எட்டவில்லை.

ஆபிதாவைச் சுமந்த சந்தூக்குப் பெட்டி தாராவிச் சந்துகளில் விரைந்தது. மையித்தை மெதுவாகக் கொண்டுபோகக் கூடாது. தோளுக்குத் தோள் மாறி, சாக்கடைகளுக்கும் கயிற்றுத் துணிகளுக்கும் நடுவே மிதந்து போனது. "சல்தி, சல்தி" என்றார் யாரோ. மன்சூருக்கு மூச்சு வாங்கியது. அவள் இவ்வளவு வேகமாகப் போய் அவன் பார்த்ததில்லை.

மண் தள்ளியதும் பள்ளிவாசல் ஹஜ்ரத் தலைமாட்டில் உட்கார்ந்து தல்கீன் ஓதினார். கபருக்குள் கேட்கப்படும் கேள்விகளுக்கு அவள் சொல்ல வேண்டிய பதில்களைச் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் திரும்பினார்கள். மன்சூர் அதே இடத்தில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தான்.

"முடிச்சுட்டா," என்றான் ஈர மண்ணிடம். "ஒம்பதாவதா வந்தா. எங்கயும் நிக்கல. நானா சொல்லல, பேப்பர்ல போட்டிருக்கு."

டாக்சியில், அவன் தோளில் தலை வைத்து, அவள் கடைசியாகச் சொன்னது:

"நடுவுல நிக்காம முடிச்சாளான்னு காலைல பேப்பரப் பாத்துச் சொல்லுங்க மச்சான். இட்டுக்கட்டாம."