அட்டையில் வரைந்த கண்

துறைமுக வாசலில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு உடம்பில் ரோமமும் கிடையாது, பின்னால் வாலும் கிடையாது. மனிதர்கள் அப்படித்தான். அந்தக் குறைகளையெல்லாம் நான் பெரிதுபடுத்துகிறவள் இல்லை. அறிவும் இல்லாமல் போனதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் பூனை இனத்துக்கு இருட்டிலும் கண் தெரியும். அதனால் கப்பலில் இரவுக் காவலுக்கென்று எங்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். போனால் திரும்பி வர ஏழு வருஷம். ஒற்றைப் பிள்ளையைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. என் மகள் ஒற்றைப் பிள்ளைதான். ஆனாலும் முந்தாநாள் நான் தையல் கடையில் காஜா எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பிடித்துவிட்டார்கள். விடுதலைக் கடிதம் வாங்குவதற்குள் நாய் படாத பாடு பட்டேன். நாய்க்கு என்ன பெரிய பாடு, வாலை ஆட்டினால் காரியம் முடிந்தது. அந்தக் கடிதத்தைப் பிள்ளையைப் பெற்றவளே கப்பலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். கப்பல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புகிறது.

எழுத்தர் என் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கண்ணு பொருந்தலையேம்மா. இதுல கண்மணி நூல் மாதிரி இருக்கு. உங்களுக்கு வட்டமா இருக்கே."

"ஐயா, அது நான் சாப்பிட்டுட்டு வெயில்ல சொகமா உக்காந்திருந்தப்ப வரைஞ்சது. பயந்தா எங்க ஆளுங்களுக்கு வட்டமாயிடும்."

"அப்ப பயப்படாதீங்க."

பெரிய வைத்தியம் சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

துணைக்கு வந்திருந்த என் கொழுந்தன்தான் யோசனை சொன்னான். "அண்ணி, வெளிய போய் வெயில்ல நில்லுங்க. தானா சுருங்கிடும்."

நின்றேன். சுருங்கியது என்றான். அப்படியே திரும்பி ஓடி வந்தேன். வருகிற வழியில் கப்பல் தளத்திலிருந்து "அம்மா" என்று ஒரு குரல். எங்கள் காதுக்கு அந்தத் தூரமெல்லாம் ஒரு தூரமா? என் மகள்தான். மேசைக்கு வந்து சேர்வதற்குள் கண் மறுபடியும் வட்டமாகிவிட்டது.

"நீங்க வெளிய வந்து பாருங்களேன், ஐயா."

"நாற்காலிய விட்டு எந்திரிக்க எனக்கு அனுமதி இல்லம்மா."

கெட்டவர் என்றால் நன்றாகத் திட்டித் தீர்த்திருப்பேன். அவரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தை நான் பார்த்துப் பயப்படுகிறேன் என்று அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். அது ஓடுகிற சத்தம் கேட்கிறதே, என் காதை எதைக் கொண்டு மூடுவார்?

கொழுந்தன் தன் பங்குக்கு, அவன் மாமியார் வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த கதையை எடுத்துவிட்டான். எப்போது கேட்டாலும் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

"சிரிங்க அண்ணி."

"வாய மூடுறியா, இல்ல பிறாண்டட்டுமா?"

பயப்படாதே, பயப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல, பயப்பட என்னவெல்லாம் இருக்கிறது என்பதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து தடவை பார்த்தார். ஐந்து தடவையும் உதட்டைப் பிதுக்கினார்.

கப்பல் சங்கு ஊதியது. மகள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்புறம் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. பயமும் இல்லை. இனிமேல் பயந்து என்ன ஆகப்போகிறது? ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் விழுந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது.

"அம்மா, கொஞ்சம் இப்படி வாங்க" என்றார் எழுத்தர். போய் நின்றேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முத்திரையை எடுத்து அழுத்திக் குத்தினார்.

"இப்ப பொருந்துது. நீங்க உள்ள போகலாம்."