மாடு தொடாத வைக்கோல்

என் வீட்டுக்காரர் ஐயம்பெருமாளுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. எங்களுக்கு வம்பு வருவதே அதனால்தான்.

வெளிநாட்டில் கோதுமை வைக்கோலைப் பாயாகத் தைத்து, மண் சரிகிற மேட்டில் விரிக்கிறார்கள் என்று ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தார். சீவலப்பேரியில் கோதுமைக்கு எங்கே போக? எங்கள் வயலில் நெல் வைக்கோல்தான் மலையாகக் கிடக்கிறது. தேங்காய் நார்க் கயிற்று வலை வாங்கி, இரண்டு வலைக்கு நடுவே வைக்கோலைப் பரப்பி, கோணி ஊசியால் தைத்தோம். என் விரல் நுனியெல்லாம் பொத்தல். மழை அந்தப் பாயில் விழுந்தால் மண்ணை நேராக அடிக்காது, தண்ணீர் மெல்ல இறங்கும். அதற்குள் அடியில் தூவிய கொழிஞ்சி என்கிற தழையுரச் செடியின் விதை முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆற்றங்கரையில் எங்கள் வரப்பு மேலேயே விரித்துப் பார்த்தோம். நின்றது.

முதல் ஆர்டர் திசையன்விளைப் பக்கமிருந்து வந்தது. கிளமென்ட் அண்ணாச்சி அங்கே இரும்புக்கடை வைத்திருக்கிறார். அவர் ஊர்க் கல்லறைத் தோட்டம் ஒரு செம்மண் மேட்டின் மேல் இருக்கிறது. போன வருஷ மழையில் மேட்டின் ஒரு பக்கம் கரைந்து ஓடையோடு போய்விட்டது. இப்போது விளிம்பில் இருப்பது அவர் மனைவி மரியம்மாளின் கல்லறை. சுவர் எழுப்ப மழைக்கு முன்னால் முடியாது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார்.

"கல்லறைத் திருநாளுக்கு நான் மெழுகுவர்த்தி ஏத்தப் போகும்போது அவ அங்கன இருக்கணும் வே. அம்புட்டுதான் கேக்கேன்" என்றார் அண்ணாச்சி.

அதைக் கேட்ட பிறகு இவரைப் பிடிக்க முடியுமா? வைக்கோல் படப்பின் மேலேறி, கார் பருவத்து அறுவடையில் வந்ததில் நல்ல மஞ்சளாகப் பார்த்துப் பார்த்து உருவினார். நனைந்து கறுத்ததில் ஒரு கற்றைகூடச் சேர்க்கவில்லை. மகள் வீட்டுக்குச் சீர் அனுப்புகிற மாதிரி வண்டியில் ஏற்றினார். மேட்டில் விரித்து முளைக்குச்சி அடித்து முடித்ததும் படம் பிடித்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி ஃபோனில் வந்தார்.

"ஐயம்பெருமாள், மாடு தின்னுட்டு வே. பாதிப் பாயைத் தின்னுட்டு."

நாங்கள் போய்ச் சேருவதற்குள் மீதியும் போய், மேட்டில் வெறும் வலைதான் கிடந்தது. ஒரு செவலைப் பசு எங்களைக் கண்டும் நகராமல் அசைபோட்டுக்கொண்டு நின்றது. எங்கள் ஊர் மாடுகள் தினமும் தின்று சலித்து, வைக்கோலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பும். இதுவோ பனையும் முருங்கையும் நிற்கிற ஊர், நெல் என்ற பேச்சே கிடையாது. இந்த மாடுகளுக்கு நாங்கள் பிரியாணி விருந்து வைத்திருக்கிறோம். வயலிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை.

கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணாச்சி கல்லறைக்கும் விளிம்புக்கும் நடுவே போய் நின்றுகொண்டார், தானே தடுத்துவிடலாம் என்பது போல. என் கோபம் முழுக்க இவர் மேல் திரும்பியது.

"நல்லது நல்லதுன்னு பொறுக்கினீங்களே, மாட்டுக்கா பொறுக்கினீங்க? நம்ம மாடு எதைத்தான் தொடாது, சொல்லுங்க பாப்போம்!"

"தொழுவத்துல கெடந்தது. சாணி பட்டது" என்றார்.

சொன்னவரே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

மத்தியானத்துக்குள் வீட்டிலிருந்த மிச்சப் பாய்கள் வந்து சேர்ந்தன. சாணிக்குப் பஞ்சமில்லை, தின்றவையே ஊரெல்லாம் போட்டு வைத்திருந்தன. அள்ளிவந்து பீப்பாயில் கரைத்தோம். ஆனால் தெளிக்கக் கை வரவில்லை. சிலுவை நட்ட இடம், ஊர் என்ன சொல்லுமோ? நான்தான் போய்க் கேட்டேன்.

"அண்ணாச்சி, பாய் மேல சாணி தெளிச்சாத்தான் மாடு அண்டாது. கல்லறை ஓரமா வேற இருக்கு. தப்பா நெனைக்கக் கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெளி தாயி" என்றார். அவ்வளவுதான். கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அந்த முகம் வீடு வரை என்னோடு வந்தது.

சாணி காய்ந்த மறுநாள் பிடித்த மழை, திருநாளுக்கு முந்தின நாள்தான் விட்டது. இவர் சாப்பாட்டுத் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். அண்ணாச்சிக்கு ஃபோன் போட எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் வரவில்லை.

திருநாளன்று கிளம்பிப் போனோம். தோட்டம் முழுக்கப் பூவும் ஆட்களுமாக இருந்தது. நான் யாரையும் பார்க்காமல் நேரே விளிம்புக்குப் போனேன். மேடு நின்றது. ஒரு கூடை மண்கூடச் சரியவில்லை. வலைக் கண்களில் கொழிஞ்சி பச்சையாக எட்டிப் பார்த்தது. அப்பாடா என்று அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் செவலைப் பசு வந்து மோந்து பார்த்தது, தும்மிவிட்டுப் போனது. இவர் அதைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அண்ணாச்சி மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு என் பக்கம் வந்தார்.

"அன்னைக்கு நீ கேக்கும்போது எனக்குப் பேச்சு வரல தாயி. அவ வாசல்ல சாணி தெளிக்காம ஒருநாளும் எனக்குக் காப்பி தந்ததில்ல. செத்தபெறகு வீட்டுல அந்த வாசமே இல்ல. இந்த மழையில இங்கன அந்த வாசம் வந்துச்சு, நான் தெனமும் வந்து நின்னேன்."