மலைக்கு மெத்தை தைத்தவர்

ஊருக்குப் பின்னால் இருந்த மலை கர்ப்பமாக இருக்கும் செய்தி முதலில் குடிநீர் அலுவலகத்துக்குத்தான் தெரிந்தது. ஊருக்கான தண்ணீர்த் தொட்டி மலையின் இடுப்பில் இருந்தது. தொட்டி சமமாக நிற்கும்வரை எல்லாத் தெருக்களுக்கும் ஒரே வேகத்தில் தண்ணீர் போகும். கொஞ்சம் சாய்ந்தாலும் சாய்ந்த பக்கத்துக் குழாய்கள் பீய்ச்சி அடிக்கும், மறுபக்கத்துக் குழாய்களில் வெறும் காற்றுதான் வரும். அந்த வருடம் கிழக்குத் தெருக்களில் குழாயைத் திறந்தவர்கள் தலையிலிருந்து கால்வரை நனைந்தார்கள். மேற்குத் தெருக்களில் குழாய்கள் விசில் அடித்தன. அளந்து பார்த்தபோது தொட்டியின்மேல் ஒரு தப்பும் இல்லை, மலையின் வயிறுதான் முன்னால் தள்ளியிருக்கிறது என்று தெரிந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் போய்ப் பாறையில் காதை வைத்துக் கேட்டார். "துடிப்பு நல்லா இருக்கு. தலையும் திரும்பிடுச்சு. மழைக்கு முன்னாடி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு, வந்ததே வந்தோம் என்று அடிவாரத்தில் இரண்டு பிடி கீரை பறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மலைக்கு நேர் கீழே ஒரு கைவிட்ட கல்குவாரி. அதை ஒட்டி ஒரு தெரு. அந்தத் தெருவில்தான் மெத்தைக்காரரின் கடையும், கடைக்கு மேலே அவர் வீடும் இருந்தன. பிறக்கப்போகும் குட்டி மலை குவாரியின் வெறும் பாறையில் விழுந்தால் அது ஜல்லியாகிவிடும். விழுந்த வேகத்தில் உருண்டு வந்தால் தெரு ஜல்லியாகிவிடும். ஊர் இதைப் பேசிப் பேசி வாய் வலித்திருந்த ஒரு காலையில், மெத்தைக்காரர் ஒரு தலையணையின் வாயைத் தைத்து மூடிக்கொண்டிருந்தபோது, கடவுள் அவரைக் கூப்பிட்டார். இடி இல்லை, வெளிச்சம் இல்லை. கடைக்கு வந்த ஆள் மேசையில் கையூன்றிக் கேட்பதுபோல, "அந்தப் பிரசவத்தை நீதான் பார்க்கணும். மெத்தையைத் தை" என்றார்.

மெத்தைக்காரர் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். பஞ்சு மூட்டைதான் இருந்தது.

"ஆண்டவனே, ஆள் மாறி வந்துட்டீங்க. நர்ஸம்மா வீடு அடுத்த தெரு."

"தெரியும்."

"எனக்கு ரத்தம்னா ஆகாது. செகப்பா எதப் பாத்தாலும் கண்ணு இருட்டிடும். என் பொண்ணு பொறந்தப்பவே..."

"அதுவும் தெரியும்."

"சரி, அளவாவது சொல்லுங்க."

பதில் வரவில்லை. மெத்தைக்காரரை உலுக்கியது இந்த இடம்தான். அவர் நாலு அளவு இல்லாமல் துணியில் கத்தரிக்கோல் வைக்க மாட்டார்: நீளம், அகலம், உயரம், படுப்பவரின் எடை. எடை எதற்கு என்றால், பஞ்சு என்பது பாதிக்குமேல் காற்று. படுக்கிற உடம்பு அந்தக் காற்றைப் பிழிந்து வெளியேற்றும். கனத்த ஆளுக்குப் பஞ்சையும் கூட்டி முடிச்சையும் நெருக்கிப் போடாவிட்டால், ஆறே மாதத்தில் அவர் வெறும் துணி விரித்த பலகையில் படுத்திருப்பார். மாப்பிள்ளையை எடை போட அழைத்து வராததால் ஒரு கல்யாண வீட்டு ஆர்டரையே அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படிப்பட்டவரிடம், இன்னும் பிறக்காத ஒரு மலைக்கு, ஒரு அளவும் சொல்லாமல் மெத்தை கேட்டால் என்ன செய்வார்? கடையைப் பூட்டிக்கொண்டு மாடிக்குச் சாப்பிடப் போனார்.

விஷயத்தைக் கேட்ட அவர் மனைவிக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. "பிரசவத்தையா? நீங்களா? நான் உள்ள பெத்துக்கிட்டு இருக்கேன், நர்ஸுங்க பூரா வெளிய உங்களுக்கு விசிறிக்கிட்டு இருந்தாங்க. காலியா இருந்த ஒரே கட்டில்லயும் உங்களத்தான் படுக்க வச்சாங்க!" தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"அளவு சொல்ல மாட்டேங்கறாரும்மா."

"வயித்துல இருந்தவளுக்கு எவ அளவெடுத்தா? நான் ஆறு சட்டை தச்சு வைக்கலயா?"

"அதுல ரெண்டு, தோள்லயே நிக்கல."

"மிச்சம் நாலு நின்னுச்சுல்ல?"

அப்படியும் மெத்தைக்காரர் கடையைத் திறக்கவில்லை. ஒரு வாரம் அவருக்கு முதுகுவலி, அடுத்த வாரம் ஊசி கிடைக்கவில்லை. அந்த நாட்களில் பூட்டிய கடைக்குள் பஞ்சு அடிக்கும் இயந்திரம் மின்சாரம் இல்லாமலேயே ஓட ஆரம்பித்தது. கெட்டிப்பட்ட பஞ்சை ஒரு வாயில் போட்டால், உள்ளே இருக்கும் பல் உருளை அதைப் பிய்த்து மறு வாயில் மேகம்போல ஊதித் தள்ளும். அதன் வேலை அவ்வளவுதான். இப்போது யாரும் எதையும் போடாமலேயே அது தள்ளிக்கொண்டிருந்தது. பஞ்சு கடையை நிறைத்தது, படியேறி வீட்டை நிறைத்தது. மகள் பஞ்சுக்குள் நீந்திப் பள்ளிக்கூடம் போனாள். வேலையை ஆரம்பித்தால்தான் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்ற நிலை வந்தபின், மெத்தைக்காரர் இருப்பதிலேயே நீளமான ஊசியை எடுத்துக்கொண்டு குவாரிக்குள் இறங்கினார்.

கடையில் இருந்த துணி முதல் நாளே தீர்ந்துபோனது. தெருவே ஜன்னல் திரைகளையும் போர்வைகளையும் அவிழ்த்துக் கொடுத்தது. மைத்துனர் லாரி ஓட்டுபவர். தன் லாரியின் தார்ப்பாயைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அந்த உரிமையில் தினமும் கரையில் நின்று கிண்டல் செய்தார். "மச்சான், இது எங்கதான் முடியும்? பிளான் ஏதாவது இருக்கா?" "அடுத்த முடிச்சு இருக்கு மாப்ளே" என்பார் மெத்தைக்காரர், தலை நிமிராமல். அது உண்மை. ஒரு முடிச்சைப் போட்டு முடித்ததும் அடுத்தது எங்கே என்று விரல் நுனிக்குத் தெரிந்தது. அதற்கடுத்தது எங்கே என்று யோசித்தால் உடனே தலை சுற்றியது. யோசிக்காமல் இருந்தாலோ, ஒருவித குதூகலம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஐம்பது வயதில், ஒரு அளவும் தெரியாமல், பள்ளத்தில் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டு தைத்தார். காற்று வந்தால் மெத்தை அவரையும் சேர்த்து இரண்டடி தூக்கி மறுபடி இறக்கியது. அவர் அதைப் பற்றி யாரிடமும் புகார் சொல்லவில்லை. ராத்திரி படுக்கும்போது மட்டும், "குறைஞ்சு போச்சுன்னா தெருவே போயிடுமே" என்று மனைவியிடம் சொல்வார். "போனா நானும்தான் போவேன். தூங்குங்க" என்பாள் அவள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஊர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், மலைக்குப் பனிக்குடம் உடைந்தது. தொட்டியின் மூடி பறந்தது. நர்ஸம்மா ஒரு மொட்டைமாடியில் ஏறி நின்று மலையைப் பார்த்து, "மூச்ச இழுத்து விடும்மா! இப்ப முக்காத!" என்று கத்தினார். மெத்தைக்காரர் மெத்தையின் விளிம்பில், எல்லா முடிச்சுகளையும் கோத்த நீண்ட கயிற்றின் கடைசி நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நின்றார். மேலே பாறை விரிந்தது. செம்மண் கரைந்த தண்ணீர், செக்கச்செவேலென்று, அவரை நோக்கி இறங்கி வந்தது. அவர் அதைப் பார்த்தார். கண் இருட்டியது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, வெட்டிய மரம்போல விளிம்பிலிருந்து பின்பக்கப் பள்ளத்தில் சாய்ந்தார். "போச்சுடா!" என்றார் மைத்துனர்.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். மெத்தையின் எல்லா முடிச்சுகள் வழியாகவும் ஒரே கயிறு ஓடினால், அதை அளவாக இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் நடுப்பகுதி இறங்கி, நாலு ஓரங்களும் கிண்ணம்போல மேலெழும். கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு இது. மெத்தைக்காரர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்ததில்லை. இப்போது அவருடைய முழு உடம்பும் அந்தக் கயிற்றில் தொங்கியது. ஒரு மனிதனின் எடைக்கு அவ்வளவு பெரிய மெத்தை அசையக் கூடாது, அசைந்தது. நாலு ஓரங்களும் எழுந்து நின்றன. அதே நொடியில் குட்டி மலை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது, தெருப்பக்கம் உருண்டு ஓரத்தில் முட்டியது, திரும்பி உருண்டது, மறுபடி முட்டியது, பிறகு நடுவில் வந்து அமர்ந்தது. தட்டையான மெத்தையாக இருந்திருந்தால் முதல் உருளலிலேயே தெரு போயிருக்கும். குட்டி மலை அழுதது. நூறு லாரிகள் ஒன்றாக ஹாரன் அடித்ததுபோல இருந்தது என்று, அந்தச் சத்தத்தை எடைபோடத் தகுதியுள்ள மைத்துனரே சொன்னார்.

முகத்தில் தண்ணீர் பட்டு மெத்தைக்காரர் கண் விழித்தபோது மனைவி விசிறிக்கொண்டிருந்தாள்.

"என்ன கொழந்த?" என்றார்.

"மலைதான். வேற என்ன?"

"குறைஞ்சுதா?"

"ஒரு கால் வெளிய நிக்குது."

அந்தக் கால் சாலையில் நீட்டிக்கொண்டிருந்ததால் பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். புது வழியே வசதியாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள். தாய் மலைக்கு இடுப்பு பழைய நிலைக்கு வந்து, குழாய்களில் தண்ணீர் சமமாக ஓடியது. தபால்காரர் குட்டி மலைக்கு ஒரு கதவு எண் கொடுத்தார். எப்படிச் சாதித்தீர்கள் என்று வெளியூரிலிருந்து கேட்க வந்தவர்களிடம் மெத்தைக்காரர், "நான் மயக்கத்துல இருந்தேங்க" என்று உள்ளதைச் சொல்லி அனுப்பினார். கடவுள் அவரை அதற்குப் பிறகும் சில வேலைகளுக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அவர், "ஆள் மாறி வந்துட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பார்.

குட்டி மலைக்கு ஏழாவது வயதில் முதல் மேகம் மாட்டியது. மலைகளுக்கு அது பல் முளைப்பதுபோல. ஈரக் காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்தால் மேகம் திரளும். அதற்கு ஒரு உயரம் வேண்டும், அந்த உயரம் வந்துவிட்டது. தலையணை அளவு மேகம். அது தெருவைத் தாண்டிப் போகத் தெரியாமல், மெத்தைக்காரரின் மொட்டைமாடியில் மட்டும் பெய்தது. தெரு முழுக்க வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக் கைதட்டியது. மெத்தைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"பாத்தது போதும்" என்றாள் மனைவி. "மேல துணி காயுது, ஓடுங்க."

அவர் ஓடினார்.