பக்கத்து அறைக் கொட்டு

லோனாவாலா மலைப்பாதையில் தருண் ஒரு நொடி கண்ணயர்ந்துவிட்டான். கார் ஓரத்துத் தடுப்பை நோக்கி நழுவ, கனகவல்லி போட்ட கூச்சலில் விழித்து ஸ்டீயரிங்கைத் திருப்பினான். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவள் அவன் தோளைப் பிடித்த கையை எடுக்கவில்லை. போன வாரம்தான் புருஷனைப் பறிகொடுத்தவள். மிச்சம் இருப்பது இந்த ஒரே பிள்ளை.

"புனாவுல தங்கிரலாங் கண்ணு. நீ நல்லாத் தூங்கி எந்திரிக்கோணும். அப்பறந்தான் வண்டி," என்றாள்.

அவள் புருஷன் கல்யாணசுந்தரம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவியோடு அகமதாபாத்தில் மகன் வீட்டில் இருந்தவர். தன் காரிலேயே ஒருமுறை கோயம்புத்தூர் போக வேண்டும், டீ நன்றாக இருக்கும் இடத்திலெல்லாம் நிறுத்த வேண்டும் என்று வருஷக்கணக்காகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். மாரடைப்பு அதையெல்லாம் கேட்டுக்கொண்டா வருகிறது? அங்கேயே தகனம் முடிந்தது. பவானி கூடுதுறையில் அஸ்தியைக் கரைக்க விமானத்தில் போய்விடலாம் என்றுதான் தருண் சொன்னான். அவர் காரில்தான் அவர் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் கனகவல்லி. அந்தப் பிடிவாதம் இப்போது அவளையே குத்தியது.

தங்கை சரசாவின் வீடு புனாவிலேயே விஷ்ராந்த்வாடியில் இருக்கிறது. போனில் அவள் கெஞ்சினாள்.

"வூடு இருக்கறப்ப லாட்ஜு எதுக்குக்கா?"

"உம்பொண்ணு ப்ரீத்தி கல்யாணத்த வெச்சுக்கிட்டு இருக்கறே. தீட்டோட நான் அங்க வரப்படாது சரசா. மனசுல ஒண்ணும் நெனச்சுக்காதே."

ஆக, கோந்த்வா பக்கம் பைபாஸ் ஓரமாக ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது. அஸ்திக் கலசத்தை அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, தரையிலும் வைக்கக் கூடாது. பூட்டின காருக்குள் அவரை மூச்சுமுட்ட விட்டுவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பின்பக்கம் கைக்கு எட்டும் கிளையோடு ஒரு மரம் நின்றது. சிவப்புத் துணி சுற்றிய கலசத்தை அதில் தருண் கட்டித் தொங்கவிட்டான். அது என்ன மரம் என்று அந்த அரையிருட்டில் இருவருமே பார்க்கவில்லை.

மரத்தடியில் நாற்காலி போட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கத்தான் அவள் நினைத்தாள். உட்கார்ந்தும் விட்டாள். உடனே தருண் தனக்கும் ஒரு நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தான்.

"நீ உள்ள வந்தாத்தான் நானும் படுப்பேன்மா."

அவனும் அவர் பிள்ளைதானே, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்? கனகவல்லி எழுந்தாள். "தனியா இருந்துக்குங்க. பையன் தூங்கட்டும்," என்று கலசத்திடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாற்பது வருஷம் கூடவே இருந்துவிட்டு இப்படி வெளியே விட்டுப் போகிறோமே என்று வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

தலையணையில் தலை சாய்த்ததும் பக்கத்து அறையில் டோல் மேளம் அதிர ஆரம்பித்தது. டோல் என்றால் அப்படி இப்படி இல்லை, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி ஆடியது. பெண்கள் பாடினார்கள், கும்பலாகச் சிரித்தார்கள், யாரோ விசில் அடித்தார்கள். தருண் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு புரண்டான். பிறகு எழுந்தே உட்கார்ந்துவிட்டான். கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது.

கனகவல்லி போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவுடன் மஞ்சள் வாசனை முகத்தில் அடித்தது. நடுவில் பலகை மேல் ஒரு பெண் கன்னமெல்லாம் மஞ்சளோடு உட்கார்ந்திருந்தாள். விடிந்தால் அவளுக்குக் கல்யாணம். பெரிய மீசைக்காரர் ஒருவர் கழுத்தில் டோலை மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்க அடித்துக்கொண்டிருந்தார், பெண்ணுக்குத் தாய்மாமனாம். ஒரு பெண்மணி கனகவல்லியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இன்னொருத்தி குங்குமத் தட்டோடு வந்தாள். கனகவல்லி சட்டென்று பின்வாங்கினாள்.

"பையன் நாளைக்கு ரொம்ப தூரம் வண்டி ஓட்டணும். கொஞ்சம் மெதுவா அடிச்சீங்கன்னா நல்லாருக்கும்," என்று தெரிந்த இந்தியில் சொன்னாள்.

"இதோ முடிஞ்சிரும், ஆன்ட்டி!" என்றார்கள். கதவு மூடிக்கொண்டது. டோல் முன்னைவிட உரக்கக் கேட்டது.

"நான் போய் அப்பா விஷயத்தச் சொல்லிடறேன். அப்பதான் அடிக்கறத பந்த் பண்ணுவாங்க," என்று தருண் எழுந்தான்.

"வாயத் தொறக்காதே. மஞ்ச பூசிட்டு உக்காந்திருக்கற புள்ள காதுல சாவுச் சேதி விழலாமா?"

"நான் தூங்க வேண்டாமாம்மா?"

மலைப்பாதைத் தடுப்பு அவள் கண்முன் வந்து நின்றது. கல்யாண வீட்டுக்குப் போகக் கூடாதென்று தங்கை வீட்டை விட்டால், கல்யாண வீடே பக்கத்து அறைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. என்ன தலையெழுத்து இது என்று நொந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில், பாட்டுக்கு நடுவில், டோல் நின்றது. மறுபடி தொடங்கவில்லை. பாட்டும் தணிந்து முணுமுணுப்பாகிப் போனது. எந்தச் சாமி கண்ணைத் திறந்ததோ, தருண் குறட்டை விட ஆரம்பித்தான். கனகவல்லி அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே தானும் அயர்ந்தாள்.

வெளுக்கத் தொடங்கும்போது எழுந்து பின்பக்கம் போனவள் திடுக்கிட்டு நின்றாள். மரத்தடியில், அவள் போட்டிருந்த அதே நாற்காலியில், டோல் அடித்த மீசைக்காரர் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். டோல் காலடியில் கிடந்தது. வெளிச்சத்தில் இப்போதுதான் மரம் தெரிந்தது. மாமரம். கல்யாண வீட்டுக்காரர் எவரும் முதலில் தேடி வரும் மரத்தில் போய்த் தொங்கவிட்டிருக்கிறோமே என்று அவளுக்கு உடம்பு கூசியது. திட்டு வாங்கத் தயாராகக் கைகூப்பினாள்.

அவர் எழுந்து, முதலில் கலசத்தைக் கும்பிட்டார்.

"தோரணத்துக்கு மாவிலை பறிக்க வந்தேன், தாயி. இதைப் பார்த்ததும், நீங்க ஏன் குங்குமம் வாங்கலேன்னு புரிஞ்சுபோச்சு. எங்க வீட்டிலயும் இப்படித்தான் மரத்தில கட்டுவோம். தனியா விடக் கூடாதில்லையா?" என்றார் இந்தியில்.

"அவங்களுக்கெல்லாம்..."

"யாருக்கும் தெரியாது. கை வலிக்குதுன்னு சொல்லிட்டேன்." பிறகு கேட்டார்: "பையன் தூங்கினாரா?"

கனகவல்லி தலையை மட்டும் ஆட்டினாள். அகமதாபாத்தில் அவர் போன அன்றுகூட அவள் வாய்விட்டு அழவில்லை. அடுத்த ஃப்ளாட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வேன் வந்தது, ஏற்றினார்கள், போய்விட்டார். சங்கு இல்லை, கொட்டு இல்லை.

தருண் வந்து கலசத்தை அவிழ்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முகம் தெளிந்திருந்தது. காரை நோக்கி நடந்தவனைப் பார்த்ததும் அவள் மீசைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"எங்க ஊர்ல கொட்டு இல்லாம யாரையும் அனுப்ப மாட்டோம். இவர் சும்மாதான் போனார். கார் வரைக்கும்... அடிப்பீங்களா?"

அவர் கல்யாண டோலை ஒரு கணம் பார்த்தார். பிறகு கழுத்தில் மாட்டிக்கொண்டு தருணுக்கு முன்னால் நடந்தார். மெதுவாக, ஒவ்வொரு அடியாக அடித்தார்.

மாடியில் ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது. "காலங்கார்த்தால என்ன சத்தம்? மனுஷன் தூங்க வேண்டாமா?" என்று யாரோ இந்தியில் கத்தினார்கள்.

டோல் தயங்கியது.

"நிறுத்தாதீங்க," என்று தமிழிலேயே சொன்ன கனகவல்லி, லாட்ஜ் முழுவதும் விழித்துக்கொள்ளும்படி, வாய்விட்டு அழுதாள்.