கிளிப் அவர் வாயில்தான் இருந்தது

மூன்று நாளாக அந்த ஜெட் படகு ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினால் ஒரு தடவை உறுமிக்கொண்டு கிளம்பும். அடுத்த தடவை செவிடன் காதில் ஊதின சங்குதான். ஆறு பேர் உட்காரும் சின்னப் படகு அது. அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போய் வருவதில்தான் அந்த வீட்டில் உலை கொதித்தது. ஓட்டுவது புருஷன். போனில் ஆள் பிடிப்பது, டிக்கெட் கிழிப்பது, படகைக் கழுவுவது எல்லாம் பெண்டாட்டி. பழுது பார்ப்பது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், மோட்டார் மெக்கானிக்.

அண்ணன் முதலில் பேட்டரியைப் பார்த்தான். முனைகளில் பச்சை பூத்துக் கிடந்ததைச் சுரண்டினான். பிறகு எர்த் ஒயரை இறுக்கினான். ரிலே 'டக்' என்கிறதா என்று காதை வைத்துக் கேட்டான். மூன்று நாளும் டார்ச் பிடித்தது அவள்தான். கை லேசாக ஆடினால் போதும், "வெளிச்சத்த ஆட்டாத" என்று வள்ளென்று விழுவான். "இது என்னங்க ஒயரு?" என்று கேட்டால் புருஷன் சிரிப்பான். "அத தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போற? டார்ச்ச பிடி." டார்ச் பிடித்தவளுக்குக் கண் இல்லையா என்ன? எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை திருடன் அகப்பட்டான். ஓட்டுகிறவர் கையில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் கிளிப். கிளிப்பை சுவிட்சில் மாட்டினால்தான் இன்ஜின் கிளம்பும். ஆள் தவறித் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று இன்ஜின் நின்றுவிடும். அந்த சுவிட்சின் உள்ளே உப்புப் படிந்திருந்தது. அண்ணன் துண்டு ஒயர் ஒன்றை எடுத்து சுவிட்சுக்குப் பின்னால் இருந்த இரண்டு முனைகளையும் இணைத்தான். இன்ஜின் உடனே கிளம்பியது.

"பாத்தீங்களா மாப்பிள்ள? சுவிட்சுதான் வேல காட்டுது. நாளைக்கு மத்தியானம் புதுசு வந்துரும்" என்றான். உடனே ஒயரைப் பிடுங்கிவிட்டான். "இத இப்படியே விட்டா கிளிப் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லன்னாலும் ஒண்ணுதான்."

அந்தக் கிளிப் விஷயத்தில் ஆண்கள் இரண்டு பேருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஜெட் படகுக்கு வெளியே விசிறி கிடையாது. அடிவயிற்றில் ஒரு துவாரம், அதற்குள் சுழலும் தகடு. பிளாஸ்டிக்கோ கயிறோ உள்ளே போய்விட்டால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். எவன் கையை விடுகிறானோ அவன் கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். பையில் போட்டால் விழுந்துவிடும், பக்கத்தில் வைத்தால் இன்னொருவன் எடுத்து மாட்டிவிடுவான். பல்லில் இருந்தால் பயமில்லை. பல வருஷமாக இது தவறியதே இல்லை.

மறுநாள் காலை ஆறு பேரும் வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். படகு அசையவில்லை. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டார். புருஷன் முகம் சிறுத்துப்போய் மச்சானுக்குப் போன் போடக் கரையிலிருந்த கொட்டகைக்குப் போனான். அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. வீணாய்ப்போன சார்ஜர் ஒயர் ஒன்று பெட்டியில் கிடந்தது. விரல் நீளம் வெட்டி, முனைகளைப் பல்லால் உரித்து, அண்ணன் இணைத்த அதே இடத்தில் இணைத்தாள். பட்டனைத் தொட்டாள். இன்ஜின் பாடத் தொடங்கியது.

புருஷன் ஓடிவந்தான். "என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா அமுக்கினேன்."

"கைராசிக்காரி" என்று ஆறு பேர் முன்னால் சொன்னான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் அவளை நாலு பேர் எதிரில் மெச்சியது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. படகு திரும்பி வந்ததும் சத்தம் போடாமல் ஒயரை எடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

ஆட்களை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது நடுவழியில் ஏதோ பழைய கயிற்றைப் படகு உறிஞ்சிக்கொண்டு நின்றுவிட்டது. புருஷன் ஆத்திரத்தில் பட்டனைக் கட்டை விரலால் குத்து குத்தென்று குத்தியிருக்கிறான். கயிறு சுற்றிய இன்ஜின் எப்படிச் சுழலும்? ஃபியூஸ்தான் போனது. வேறொரு படகு கட்டி இழுத்துவந்து கரையில் விட்டது. வண்டியில் ஏற்றிக் கொட்டகை வாசலில் நிறுத்தியபோது அண்ணனும் வந்து சேர்ந்தான். குத்திய வேகத்தில் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அவள் கொட்டகைக்குள் நின்று, மத்தியானம் வரவிருந்தவர்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது வெளியே அண்ணனின் குரல் கேட்டது.

"மாப்பிள்ள, ஃபியூஸ் போடப்போறேன். கிளிப் எங்க?"

"ம்ம்" என்று பல்லிடுக்கிலிருந்து பதில் வந்தது.

அவள் போட்ட ஒயர் இன்னும் சுவிட்சிலேயே இருந்தது. போன் கையிலிருந்து விழுந்தது. வாசலுக்கு ஓடினாள். படகின் அடியில் புருஷனின் இரண்டு கால்கள் தெரிந்தன. வலது கை தோள்வரை துவாரத்துக்குள் இருந்தது. மேலே அண்ணன் குனிந்திருந்தான். "அண்ணே" என்று கூப்பிட்டதாகத்தான் அவளுக்கு நினைப்பு. தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

இன்ஜின் அலறியது.

மூன்று விநாடி இருக்கும். அண்ணன் ஃபியூஸைப் பிடுங்கி எறிந்தான், சத்தம் நின்றது. அடியிலிருந்து குரலே இல்லை. அண்ணன் குனிந்து பார்க்கப் பயந்து, பேயறைந்தவன் மாதிரி அவளையே பார்த்தான். அவளும் குனியவில்லை. ரத்தம் வழிகிறதா என்று தரையை மட்டும் பார்த்தாள்.

புருஷன் பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்தான். இரண்டு கையும் இருந்தன. அவள் விரல்களை எண்ணினாள். பத்து. நம்பாமல் மறுபடி எண்ணினாள்.

மணிக்கட்டில் சுற்றி இழுத்துக்கொண்டிருந்த பழைய கயிற்றை, பிடி வசப்படவில்லை என்று இன்ஜின் அலறுவதற்கு ஒரு நொடி முன்னால்தான் அவிழ்த்துக் கையை வெளியே எடுத்திருக்கிறான். உள்ளே சிக்கு பெரும்பாலும் அவிழ்ந்திருந்ததால், வெறுமனே பிடித்திருந்த முனையை இன்ஜின் உருவிக்கொண்டு போய்விட்டது. உள்ளங்கைத் தோல் மட்டும் ஒரு கோடாக உரிந்திருந்தது. கிளிப்பை இன்னும் கடித்துக்கொண்டிருந்தான். துப்பத் தோன்றவில்லை.

அண்ணன் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டுச் சுவிட்சின் பின்பக்கத்தைப் பார்த்தான். ஒயர் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எடுத்துட்டேன்னுல்ல நெனச்சேன். எடுக்கலையே நான்." தலையில் அடித்துக்கொண்டான். "தங்கச்சி புருஷனோட கைய நானே வெட்டப் பாத்தேன். இனிமே ஸ்பேனரத் தொட்டா நான் மனுஷனே இல்ல."

புருஷன் கிளிப்பைக் கையில் எடுத்தான். "விடு மச்சான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. தெரிஞ்சா செஞ்ச?"

அண்ணன் அழுதான். பெரிய ஆள், மூக்கு ஒழுக அழுதான். அவள் வாயைத் திறக்காவிட்டால் எல்லாம் இத்தோடு முடிந்துவிடும். புருஷன் மன்னித்தாயிற்று. அண்ணன் நாலு நாள் சாப்பிடமாட்டான், அப்புறம் சாப்பிடுவான். அவள் கைராசிக்காரியாகவே இருக்கலாம். இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் அவள் மனதில் ஓடியது, அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"அண்ணே, அது நீ போட்டது இல்ல. உன்னோடத நீ நேத்தே எடுத்துட்ட. இது நான் காலையில போட்டது."

இருவரும் அவளை ஏறிட்டுப் பார்த்தார்கள். புருஷனுக்கு முதலில் புரியவே இல்லை. "எத?"

"அந்த ஒயர. கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" என்றான் அண்ணன்.

"மூணு நாளா டார்ச் பிடிச்சேனே."

அண்ணன் எழுந்தான், ஓங்கிய கை பாதியில் நின்றது. புருஷன்தான் பேசினான். குரல் ரொம்பச் சன்னமாக வந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லவில்லை. "மாட்டேன். சிரிச்சிருப்பேன்."

அதற்குப் பிறகுதான் அவனுக்கு நடுக்கம் எடுத்தது. முதலில் உரிந்த கை, பிறகு தோள், பிறகு தாடை. அவள் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் நிற்கவே இல்லை. அண்ணன் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அதைக் குடிக்கவும் புருஷனால் முடியவில்லை.